பிரிந்திருந்தபோது வந்த திருமண நாள்

காணிக்கைப் பாட்டு முடிந்து ஆர்மோனியக்காரர் கையை எடுப்பதற்குள் சபைச் செயலாளர் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். ஞாயிறு ஆராதனையில் அது அறிவிப்பு நேரம். அந்த வாரம் பிறந்தநாள் காண்பவர்களின் பெயர்களை வாசித்தார். அவர்கள் முன்னால் போய் நின்றார்கள், போதகர் ஜெபித்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். "அடுத்து, இந்த வாரம் திருமண நாளைக் காணும் தம்பதியர்" என்றார். நான் கைப்பைக்குள் இருமல் மிட்டாயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஜெயசீலன், எஸ்தர் ஜெயசீலன்."

மிட்டாயைத் தேடிய கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

எஸ்தர் நான்தான். ஜெயசீலன் என் கணவர். அன்றைக்கு நாங்கள் இருவரும் தனித்தனியாக வாழத் தொடங்கி இரண்டு வருடம் முடிய இன்னும் சில மாதங்களே பாக்கி இருந்தன. அவர் ஆனையூரில் எங்கள் சொந்த வீட்டில் இருந்தார். நான் கே.கே. நகரில் ஒரு மாடி போர்ஷனில் இருந்தேன். அந்த இரண்டு வருடம் முடிந்ததும் சேர்ந்து விவாகரத்து மனு போடுவது என்று வக்கீல் மூலம் பேசி முடித்திருந்தோம்.

எங்கள் ஆலயத்தில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். நான் வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். நாலாவது வரிசையில் ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை எழுந்துகொண்டிருந்தது. அவர்தான்.

அவர் எழுந்துவிட்டாரே! எழுந்த மனுஷனை அத்தனை பேருக்கு முன்னால் ஒண்டியாக நிற்க விடுவதா? நானும் எழுந்தேன். கால்கள் தாமாகவே நடந்தன.

பீடத்தின் முன் இருவரும் முழங்காலிட்டோம். போதகர் எங்கள் தலைகளின் மேல் ஆளுக்கொரு கையை வைத்து ஜெபித்தார். எங்களை இன்னும் பல ஆண்டுகள் ஒருமனமாய் வாழ வைக்கும்படி கேட்டுக்கொண்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. பீடத்து விரிப்பின் ஓரத்தில் மெழுகு சொட்டிக் காய்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பழைய சோப்பு வாசனை. மனுஷன் சோப்பைக்கூட மாற்றவில்லை.

பின்னால் எங்கோ ஒரு போன் 'க்ளிக்' என்றது.

வீடு பிரிந்தது, சபை பிரியவில்லை

"உங்கள் கணவரைப் பற்றி மட்டும் ஏன் எழுதுவதே இல்லை?" என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் தவளை தப்பித்து ஓடியதைப் பக்கம் பக்கமாக எழுதியவளுக்குக் கட்டிய கணவரைப் பற்றி எழுத இடமில்லையா என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஜெயசீலனிடமும் கேட்டுவிட்டேன். "எழுது, தப்பா ஒண்ணும் எழுதிப்புடாத" என்றார். எனவே எழுதுகிறேன்.

நாங்கள் பிரிந்தது, குடும்பத்தில் ஓரிருவர் தவிர, சபையில் யாருக்கும் எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு எங்கள் ஆலயத்தின் உட்காரும் முறைதான் காரணம். சேர்ந்து வாழ்ந்த காலத்திலும் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவர் பைக்கில் முன்னதாக வந்துவிடுவார். நான் பாடகர் குழுப் பெண்களோடு ஆட்டோவில் வருவேன். பிரிந்த பிறகும் அதேதான். ஆட்டோ மட்டும் வேறு திசையிலிருந்து வந்தது.

இரண்டு பேரில் ஒருவர் வேறு ஆலயத்துக்குப் போயிருக்கலாம். மதுரையில் ஆலயத்துக்கா பஞ்சம்? ஆனால் அவருடைய அப்பாவுக்கு அங்கேதான் அடக்க ஆராதனை நடந்தது. சின்ன வயதில் ஞாயிறுதோறும் நான் வேதம் படித்த ஓய்வுநாள் பள்ளி அங்கேதான். யார் விட்டுக்கொடுப்பது? வீட்டை விட்டு வரும்போதுகூட எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. இடது பக்கம் ஆறாவது வரிசையை மட்டும் விட மாட்டேன் என்று இருந்தேன்.

வெளியே சொல்லவும் எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் ஐயர் வீடு தேடி வந்துவிடுவார். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், அவர் மனைவி ஐயரம்மா. இருவரும் வந்து உட்கார்ந்து, காபி குடித்து, ஜெபித்து, சேர்த்து வைக்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பயந்துகொண்டே மாதங்கள் ஓடின. சபையின் குடும்பப் பட்டியலில் நாங்கள் ஒரே குடும்பமாகவே இருந்தோம். செயலாளர் வாசித்ததில் அவர் குற்றம் ஒன்றுமில்லை.

"உங்கம்மாட்ட சொல்லு"

அடித்தாரா, குடித்தாரா என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். இரண்டும் இல்லை. பேச மாட்டார்.

அவர் கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, எல்லாம் கை ஜாடைதான் என்பார். அந்த ஜாடையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கல்யாணமான புதிதில் கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டார். பிறகு அது ஒரு வாரமானது, ஒரு மாதமானது. கடைசியில் கோபம் எதற்கு என்பதும் மறந்து, பேசாமல் இருப்பது மட்டும் நிலைத்துவிட்டது.

நடுவில் எங்கள் மகள் ஷீபா இருந்தாள். "உங்கம்மாட்ட சொல்லு, நாளைக்குக் காலை ஷிப்டு." "உங்கம்மாட்ட கேளு, கேஸ் புக் பண்ணியாச்சா?" நான் மூன்றடி தள்ளி மாவு கரைத்துக்கொண்டிருப்பேன். ஷீபாவும் சின்ன வயதிலிருந்தே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இந்தப் பக்கம் திரும்பி, "அம்மா, கேட்டுச்சில்ல?" என்பாள்.

அவள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனாள். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. டிவி பேசும், குக்கர் கூவும். நாங்கள் இருவரும் அவற்றைக் கேட்டுக்கொண்டிருப்போம். பள்ளியில் அறிவியல் டீச்சராக நாள் முழுக்கக் கத்திவிட்டு வருபவள் நான். வீட்டு வாசலில் செருப்போடு பேச்சையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவேன். ஒரு கோடை விடுமுறையில் இரண்டு பெட்டிகளோடு கிளம்பிவிட்டேன். "நான் போறேன்" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையை உயர்த்தி, வெளிக் கதவைத் திறந்து வைத்தார். பெட்டி இடிக்காமல் போகட்டும் என்று திறந்தாரா, போய்த்தொலை என்று திறந்தாரா, தெரியாது. கேட்டால் சொல்லவா போகிறார்?

மதினியின் போட்டோ

ஜெபம் முடிந்து நான் வீடு வந்து சேர்வதற்குள் போட்டோ வந்துவிட்டது. எடுத்தவர் வசந்தா மதினி. ஜெயசீலனின் அக்கா. ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தம்பியைக் கையில் தூக்கி வளர்த்தவர். எங்கள் பிரிவு தெரிந்த மிகச் சிலரில் ஒருவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோவைப் போட்டு, கீழே 'கர்த்தர் நல்லவர்' என்று எழுதியிருந்தார். கும்பிடும் கைகள், பூங்கொத்து, கேக் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

அடுத்து போன் வந்தது.

"எஸ்தரு, பாத்தியா? எம்புட்டு அழகா இருக்கீக ரெண்டு பேரும்!"

"மதினி, அந்தப் போட்டோவை எடுத்துருங்க."

"எதுக்கு எடுக்கணும்? சபை முன்னாடி முழங்கால் போட்டு நின்னாச்சு. இனி எந்தக் கோர்ட்டுல போயி தனியா இருந்தேன்னு சொல்லுவ? எங்க ஆபீஸ்ல வேலை பார்த்த ஒருத்தரு வெவரமா சொன்னாரு. நடுவுல ஒரு நாள் சேர்ந்து நின்னாலும் பழசெல்லாம் செல்லாதாம். திரும்ப மொதல்ல இருந்து எண்ணணுமாம்."

"நான் ஒண்ணும் சேரலையே மதினி."

"போட்டோ பேசுதே! பேசாம பெட்டியைக் கட்டிக்கிட்டு ஆனையூருக்கு வா. தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான்."

சொல்ல மாட்டான் என்பதுதானே என் பிரச்சினையே!

போனை வைத்த பிறகு கட்டிலில் அப்படியே உட்கார்ந்தேன். பட்ட அவஸ்தையெல்லாம் வீணா? மறுபடி இரண்டு வருடமா? அதற்குள் இவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை அந்தப் பேசாத வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களா?

கூடவே ஒரு சந்தேகம் முளைத்தது. அவர் ஏன் எழுந்தார்? உட்கார்ந்திருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன். செயலாளர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போயிருப்பார். அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டு செய்ததா? அவர் எழுவது, நான் எழுவது, அக்கா போட்டோ எடுப்பது எல்லாம் ஏற்பாடா? பேசாதவர் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆத்திரத்தில் அன்று சோறு வைக்கவே இல்லை. முறுக்குத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

வக்கீல் கேட்ட ஒரே கேள்வி

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக வக்கீல் கல்பனாவிடம் போனேன். கே.கே. நகரிலிருந்து கோர்ட் நடக்கிற தூரம்தான், அவருடைய அறையும் அங்கேயே பக்கத்துச் சந்தில் இருந்தது. கோயிலில் பூஜை செய்யும் பட்டர் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். மேஜையில் சட்டப் புத்தகமும் விபூதித் தட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"சேலை நல்லா இருக்கு டீச்சர்."

"மேடம், விளையாடாதீங்க. எண்ணிக்கை முதல்ல இருந்து ஆரம்பிக்குமா?"

"எது, இதுக்கா?" போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. சர்ச்சுல இருந்து எங்க போனீங்க?"

"என் வீட்டுக்கு."

"அவர்?"

"அவர் வீட்டுக்கு."

"முடிஞ்சது. உங்க கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்துல, சேர்ந்து மனு போடணும்னா ரெண்டு வருஷம் பிரிஞ்சு வாழ்ந்திருக்கணும்னு இருக்கு. எங்களுக்கு ஒரு வருஷம். உங்களுக்கும் குறைக்கலாம்னு சில கோர்ட்டுங்க சொல்லியிருக்கு, அந்த வம்பு நமக்கு வேண்டாம், ரெண்டே இருக்கட்டும். பிரிஞ்சு வாழறதுன்னா என்னன்னா, புருஷன் பொண்டாட்டியா வாழாம இருக்கறது. அவ்வளவுதான். மிலிட்டரில இருக்கறவரும் அவர் சம்சாரமும் வேற வேற ஊருல இருக்காங்க, அவங்க பிரிஞ்சா வாழறாங்க? அதே மாதிரி ஒரே கூரைக்கு அடியில இருந்துக்கிட்டே பிரிஞ்சும் வாழலாம்."

"அப்படிப் பார்த்தா நாங்க பிரிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தெரியும் டீச்சர்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை ஒருவரும் அப்படித் தெரியும் என்று சொன்னதில்லை.

அன்றைக்கு அவர் மெதுவாக, நான் பள்ளியில் செல்லின் பாகங்களைச் சொல்லிக்கொடுப்பதைவிடப் பொறுமையாக, எல்லாவற்றையும் விளக்கினார். தீர்ப்பு வரும் வரை நான் மனைவிதான், அவர் கணவர்தான். இருவரும் வேறு கல்யாணம் செய்துகொள்ள முடியாது. ("ஒண்ணே போதும் மேடம்" என்றேன்.) ஷீபாவின் படிப்புக்கு இருவரும் பொறுப்பு, பிரிந்ததால் அப்பா அப்பாவாக இல்லாமல் போய்விட மாட்டார். நான் சம்பளம் வாங்குகிறேன் என்பதற்காக ஜீவனாம்சம் கேட்கவே கூடாது என்று இல்லை. எனக்குத் தேவைப்படாததால் நான் கேட்கவில்லை. என் தையல் மெஷினும் பாத்திரங்களும் என் உடைமைகள், எங்கே இருந்தாலும் என்னுடையவைதான். ஆனையூர் வீடு அவர் பெயரில் இருந்தாலும், அங்கே குடியிருக்கும் உரிமை எனக்கு உண்டு. அவர்பாட்டுக்குப் பூட்டை மாற்றி என்னை வெளியே நிறுத்த முடியாது.

"அப்ப நான் உள்ள போகலாமா? சாவி இன்னும் எங்கிட்டதான் இருக்கு. திருட்டுக் கேசு ஆயிடுமோன்னு அந்தப் பக்கமே போகல."

"உங்க வீட்டுக்கு நீங்க போறதுக்குத் திருட்டுக் கேசா!"

"என்னைத் திரும்ப அங்க வாழச் சொல்லி யாராவது இழுத்துட்டுப் போக முடியுமா?"

"சேர்ந்து வாழணும்னு அவர் தனியா கேஸ் போட்டு ஜெயிச்சாக்கூட, எந்தப் போலீசும் உங்க கையைப் பிடிச்சு அந்த வீட்ல கொண்டுபோய் விடாது. அந்தப் பயமே வேண்டாம்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டோவைப் பத்தியும் பயம் வேண்டாம். ஒரே ஒரு விஷயம்தான். இது ரெண்டு பேரும் சம்மதிச்சுப் போடற மனு. தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அவர் ஜட்ஜ் முன்னாடி வந்து, 'நாங்க சேர்ந்துட்டோம், எனக்கு இஷ்டம் இல்லை'ன்னு சொல்லிட்டா மனு போச்சு. அப்புறம் நாம காரணம் காட்டித் தனியா சண்டை போடணும். அது வருஷக்கணக்கா இழுக்கும்."

ஆக, எல்லாம் அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதில் வந்து நின்றது. பேசவே பேசாத மனுஷன் பேசப்போகும் ஒரு வார்த்தையில்!

ஆனையூரில் ஒரு மாலை

அந்த வார இறுதியில் ஆனையூருக்குப் போனேன். உரிமை இருக்கிறது என்று தெரிந்ததே ஒரு தெம்பு. என் சாவி அதே பூட்டில் அப்படியே போய்த் திரும்பியது. பூட்டை மாற்றவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

அவர் கூடத்தில் உட்கார்ந்து சட்டைப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். வசந்தா மதினி சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். என் தையல் மெஷினின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன். "அன்னைக்கு சர்ச்சுல ஏன் எந்திரிச்சீங்க?"

அவர் ஊசியைப் பார்த்தார்.

"சேர்ந்து வாழணும்னு எந்திரிச்சான். வேற எதுக்கு?" உள்ளேயிருந்து மதினி.

"மதினி, நான் அவுககிட்ட கேட்டேன்."

"அவன் சொன்னா என்ன, நான் சொன்னா என்ன? அவன் மனசு எனக்குத் தெரியாதா?"

நான் மறுபடி அவர் பக்கம் திரும்பினேன். "மனுவுல கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா? அதையாவது சொல்லுங்க."

அவர் தலையை அசைத்தார். ஆமாம் என்றா, இல்லை என்றா? இரண்டுக்கும் நடுவில் ஓர் அசைப்பு. கப்பலூரில் அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கலாம். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். எதிரே இருந்த டீக்கடைக்காரர் என்ன நினைத்தாரோ.

இரண்டு வருடம் முடிந்து வக்கீல் மனுவைத் தயாரித்துக் கூப்பிட்டபோது அவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகு சட்டம் யோசிப்பதற்கென்று கொடுக்கும் ஆறு மாதம். நான் அதில் யோசிக்கவே இல்லை, பயந்துகொண்டு மட்டும் இருந்தேன். மதினி வாரம் ஒரு தரம் அந்தப் போட்டோவை எனக்கே திரும்ப அனுப்புவார்.

"அவருக்கு வாய் இருக்குல்ல?"

குடும்பநல நீதிமன்றத்தின் வராந்தாவில் பினாயில் வாசனை அடித்தது. இறுதி விசாரணை நாள். நான் நீலச் சேலை கட்டியிருந்தேன். அவர் அதே வெள்ளைச் சட்டை. பக்கத்தில் வசந்தா மதினி, கையில் போன். அதன் திரையில் எங்கள் போட்டோ தயாராகத் திறந்திருந்ததை நானே பார்த்தேன்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண், தலை நரைத்தவர். என்னிடம் முதலில் கேட்டார். என் விருப்பத்தோடுதான் மனு போட்டேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை, சேர்ந்து வாழ முடியவில்லை என்று சொன்னேன். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"ஜெயசீலன், நீங்க சொல்லுங்க. சேர்ந்து வாழ வாய்ப்பு ஏதாவது இருக்கா?"

"இருக்கும்மா, இருக்கு!" பின்னாலிருந்து மதினி எழுந்துவிட்டார். "சர்ச்சுல சேர்ந்துட்டாங்கம்மா. போட்டோ இருக்கு. எந்தம்பி மனசுல..."

"நீங்க யாரு?"

"அக்கா."

"அவருக்கு வாய் இருக்குல்ல? அவரே சொல்லட்டும். நீங்க உக்காருங்க."

மதினி உட்கார்ந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல் முறையாக ஜெயசீலனுக்குப் பதிலாகப் பேச யாரும் இல்லை. மதினி இல்லை, ஷீபா இல்லை, கை ஜாடையும் செல்லாது. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"போட்டோன்னு சொல்றாங்களே, அது என்ன?" என்று நீதிபதி கேட்டார்.

ஜெயசீலன் தொண்டையைச் செருமினார். ஒரு தரம். இன்னொரு தரம்.

"சர்ச்சுல எங்க ரெண்டு பேரு பேரையும் கல்யாண நாளுன்னு வாசிச்சாங்க மேடம். எஸ்தர் எந்திரிச்சிட்டா."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவ எந்திரிக்கிறதைப் பாத்தேன். அம்புட்டு சனத்துக்கு முன்னாடி அவ ஒத்தையா நிக்கக் கூடாதேன்னு நானும் எந்திரிச்சேன். அம்புட்டுத்தான். அன்னைக்கு அவ அவ வீட்டுக்குப் போயிட்டா, நான் என் வீட்டுக்குப் போயிட்டேன். நாங்க சேர்ந்து வாழல மேடம். ஒரே வீட்டுல இருந்தப்பவும் நான் அவகூடப் பேசினதில்ல. அவ போனதுல தப்பு சொல்ல மாட்டேன். எனக்குச் சம்மதம்."

அத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. என் பெயரை அவர் சொல்லி எத்தனை காலம் ஆகியிருந்தது! உங்கம்மா, அவ, இவ என்று ஆகிப்போன பெயர், அங்கே ஒரு நீதிமன்றத்தில் முழுசாக வந்து விழுந்தது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் எழுந்தார் என்று நான் எழுந்தேன். நான் எழுந்தேன் என்று அவர் எழுந்திருக்கிறார்! உண்மையில் யார் முதலில் எழுந்தது? இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. நான் இத்தனை மாதமாக அதைச் சதி என்று நினைத்துக் குமுறியிருக்கிறேன். நீதிபதி என்னைப் பார்த்து, "இவர் சொல்றது சரிதானே?" என்று கேட்டார்.

"சரிதான் மேடம்" என்றேன். முதலில் எழுந்தது நான்தான் என்றே இருக்கட்டும்.

பருத்திப்பால்

வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. வேப்ப மரத்தடியில் பருத்திப்பால் வண்டி நின்றது. சுக்கும் கருப்பட்டியும் கலந்த வாசனை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு டம்ளர் வாங்கி ஊதி ஊதிக் குடித்தேன். தொண்டையில் சூடாக இறங்கியது. பல வருடங்களுக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

வசந்தா மதினி பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "எனக்கு உம்மேல கோவம் இல்ல எஸ்தரு. அவன் ஒத்தையா கெடப்பானேன்னு பயம்" என்றார். அவருக்கும் ஒரு டம்ளர் சொன்னேன். வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு அந்தப் போட்டோ எனக்கு வரவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிய ஜெயசீலன் என் பக்கத்தில் நிறுத்தினார்.

"எஸ்தர், தையல் மெஷினு அங்க கெடக்கு. எப்ப வார?"

நேராக என்னிடமே கேட்டார். நடுவில் யாரும் இல்லை.

"ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சு வாரேன். ஷீபாவும் லீவுக்கு வாரா."

"வா. வண்டி சொல்லி வைக்கிறேன்." சொல்லிவிட்டுப் போனார்.

இதைக் கேட்ட தோழிகள் சிலர், "இப்படிப் பேச ஆரம்பிச்சவரை விட்டுட்டியே" என்று வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. விட்ட பிறகுதான் அவர் பேசினார் என்பது எனக்குத் தெரியும். என் மாடி போர்ஷனில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, எனக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை வைத்துத் தின்றுகொண்டு, நான் நிம்மதியாக இருக்கிறேன். ஷீபாவின் பரீட்சை, கட்டணம், காய்ச்சல் எதுவானாலும் அவரே போன் செய்கிறார். "உங்கம்மாட்ட சொல்லு" என்பது வழக்கொழிந்துவிட்டது.

விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு நானே ஐயரிடம் போய்ச் சொன்னேன். பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. ஐயரம்மா காபி கொடுத்தார். ஐயர், "அன்னைக்கு ரெண்டு பேரையும் முழங்கால்ல ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேனேம்மா" என்றார்.

சில வாரங்களில் அந்தத் திருமண நாள் வாரம் மறுபடி வந்தது. காணிக்கைப் பாட்டு முடிந்தது. செயலாளர் தொண்டையைச் செருமினார். பட்டியலில் எங்கள் பெயர் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நெஞ்சு படபடத்தது. வேறு இரண்டு தம்பதிகளின் பெயர்களை வாசித்தார். அவர்கள் எழுந்து முன்னால் போனார்கள்.

நான் மெல்ல வலது பக்கம் திரும்பினேன். நாலாவது வரிசையில் வெள்ளைச் சட்டை. அவர் பீடத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெஞ்சைப் பிடித்தபடி, பாதி எழுந்த மாதிரி இருந்தார். இவள் எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று காத்திருக்கிறார்!

நான் எழ மாட்டேன் என்று தலையை அசைத்தேன். அவர் பெஞ்சை விட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.